தொற்று பரவும்போது தலைமை ஏற்பவர் யார்? நடுப்பணி மருத்துவர்களுக்கான பயிற்சியும் அதன் எல்லையும்

2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து வந்த ஒரு பயணி, நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அவரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். மலேரியா என்று கருதியே சிகிச்சை தொடங்கியது. எபோலாவாக இருக்கலாம் என்று ஐயுற்று, அவரை வெளியே அனுப்பும்படி வந்த நெருக்குதலுக்கு இணங்க மறுத்தவர், அங்கு பணியாற்றிய மூத்த மருத்துவர் அமெயோ ஸ்டெல்லா அடடேவோ. ஐந்து நாளில் நோயாளி இறந்தார். அவரிடமிருந்து தொற்றிய நோயால் ஆகஸ்ட் 19 அன்று அடடேவோவும் இறந்தார். ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் நெருங்கி வாழும் நகரத்தில் எபோலா நுழைந்துவிட்டது என்ற செய்தி உலகெங்கும் அச்சத்தைக் கிளப்பியது. ஆனால் அக்டோபர் 20 அன்று, சரியாக மூன்று மாதத்தில், நைஜீரியா எபோலா நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. நோய் கண்டவர்கள் 20 பேர். இறந்தவர்கள் 8 பேர். கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளிலோ அந்த நோய் 2016-இல் அடங்குவதற்குள் 28,600-க்கும் மேற்பட்டோரைப் பற்றி, 11,300-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. நைஜீரியாவுக்கு நோய் ஒரே ஒருவர் வழியாக, அதுவும் விமான நிலையத்தில் பலர் கண்ணெதிரே வந்து இறங்கியது. மற்ற மூன்று நாடுகளில் அது எல்லையோரக் கிராமங்களில் மாதக்கணக்கில் இன்னதென்று அறியப்படாமலே பரவியிருந்தது. இதைச் சொல்லாமல் நைஜீரியாவின் திறமையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. ஆயினும் லாகோஸில் முதல் சில நாள்கள் நடந்ததைக் கவனித்தால், வெற்றி தானாக வரவில்லை என்பது தெரியும். நடுவண் அரசு, லாகோஸ் மாநில அரசு, பன்னாட்டு அமைப்புகள் என்று ஆளுக்கொரு பக்கம் வேலை செய்தன. பணம் வந்து சேரத் தாமதமாயிற்று. போலியோ ஒழிப்புக்கென 2012-இல் அமைக்கப்பட்டிருந்த அவசரகாலச் செயல்பாட்டு மையத்தின் முறையை அப்படியே எடுத்து, அங்கே துணைப் பொறுப்பிலிருந்த மருத்துவர் பைசல் ஷுவைபை எபோலாத் தடுப்புப் பணி முழுவதற்கும் ஒரே தலைவராக அமர்த்திய பிறகுதான் வேலை ஒரு கட்டுக்குள் வந்தது. போலியோப் பணியிலிருந்த, தொற்றுநோயியல் பயிற்சி பெற்ற சுமார் 40 மருத்துவர்கள் உடனே எபோலாவுக்கு மாற்றப்பட்டார்கள். நோயாளிகளுடன் தொடர்பிலிருந்த 894 பேர் பட்டியலிடப்பட்டார்கள். 150-க்கும் மேற்பட்ட களப்பணியாளர்கள் அவர்களை நேரில் கண்டு உடல்வெப்பம் பார்க்கச் சென்ற முறைகள் 18,500.

அந்த 40 பேரும் புதிதாகப் பட்டம் பெற்று வந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு இரண்டு வகைப் பயிற்சி ஏற்கெனவே வாய்த்திருந்தது. 2008-இல் நைஜீரியாவில் தொடங்கிய களத் தொற்றுநோயியல் பயிற்சித் திட்டம் நோயை ஆராயக் கற்றுக் கொடுத்தது. போலியோ மையத்தின் அன்றாட வேலை, ஒரே தலைமையின் கீழ்ப் பல துறைகளைச் சேர்த்து இயக்குவது எப்படி என்பதைக் காட்டிக் கொடுத்தது. இவ்விரண்டும் வெவ்வேறு கலைகள் என்பதையும், மூன்றாவதாக ஒன்று இல்லாவிட்டால் இவ்விரண்டும் பயன்படாமல் போகும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் வேலை. அந்த மூன்றாவது, பயிற்சி பெற்றவர் திரும்பி வந்து அமரும் நாற்காலிக்கு உள்ள அதிகாரம்.

நோயைத் துப்பறியும் கலை

களத் தொற்றுநோயியல் பயிற்சியின் வேர் அமெரிக்காவில், கொரியப் போர்க் காலத்தில் இருக்கிறது. எதிரி நாடுகள் கிருமிகளை ஆயுதமாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சம் பரவியிருந்த 1951-இல், அலெக்சாண்டர் லாங்முயர் என்ற மருத்துவர் அட்லாண்டா நகரின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் கொள்ளைநோய்ப் புலனாய்வுச் சேவை என்ற இரண்டாண்டுப் பயிற்சியைத் தொடங்கினார். முதல் அணியில் 22 மருத்துவர்களும் ஒரு சுகாதாரப் பொறியாளரும் இருந்தார்கள். கிருமிப் போர் வரவில்லை. ஆனால் பயிற்சி நிலைத்தது. வகுப்பில் கற்பது கொஞ்சம், ஊர் ஊராகச் சென்று உண்மையான நோய்ப் பரவல்களை ஆராய்ந்து கற்பது மிகுதி என்பது அதன் அடிப்படை. தேய்ந்து ஓட்டை விழுந்த காலணி அடிப்பாகம் ஒன்றின் படத்தைத் தங்கள் சின்னமாக அவர்கள் வைத்துக்கொண்டதற்கும் அதுவே காரணம்.

கனடா 1975-இலும் தாய்லாந்து 1980-இலும் இந்த முறையைத் தத்தம் நாட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டன; பின்னர் பல பத்து நாடுகள் தொடர்ந்தன. இன்று இந்தப் பயிற்சி மூன்று படிகளாக நடக்கிறது. முதற்படி சில மாதம் மட்டுமே நீளும். மாவட்ட, வட்டார அளவில் நோய்க் கண்காணிப்பைப் பார்ப்பவர்களுக்கு உரியது. இரண்டாம் படி ஓராண்டை ஒட்டியது. மேற்படி இரண்டு ஆண்டு. எல்லாப் படிகளிலும் காலத்தின் பெரும்பகுதி களத்திலேயே கழிகிறது.

இந்தியாவில் இதன் நீண்ட வரலாறு சென்னையோடு சேர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் இயங்கும் தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனத்தில் 2001-இல் இரண்டாண்டுப் பயிற்சி தொடங்கியது. பட்டத்தைத் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் வழங்கியது. பல மாநிலங்களின் அரசுப் பணியில் ஏற்கெனவே இருந்த மருத்துவ அலுவலர்களே இதன் மாணவர்கள். அவர்கள் சென்னைக்கு வந்து சில வாரம் வகுப்பில் இருப்பார்கள். பிறகு தங்கள் மாவட்டத்துக்கே திரும்பி, அங்குள்ள சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்ந்து, முடிவோடு மீண்டும் வருவார்கள். இந்த ஏற்பாட்டின் அருமை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உடனே தெரியாது. இரண்டாண்டு முழுவதும் ஒரு மாவட்ட அலுவலரை விடுவித்து அனுப்ப எந்த மாநிலமும் எளிதில் ஒப்பாது. அப்படி அனுப்பினாலும் அவர் திரும்பும்போது அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்திருப்பார். 2012-இல் தில்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அமெரிக்க மாதிரியை ஒட்டிய மற்றொரு பயிற்சியும் தொடங்கியது.

இந்தப் பயிற்சி தருவது என்ன? வந்திருப்பது நோய்ப் பரவல்தானா என்று உறுதி செய்தல். யாரை நோயாளியாகக் கணக்கிடுவது என்று வரையறுத்தல். ஆள், இடம், காலம் என்ற மூன்று வழியிலும் தகவலை அடுக்கிப் பார்த்தல். நோயுற்றவரையும் நோயுறாதவரையும் ஒப்பிட்டுக் காரணத்தை நெருங்குதல். இவை எல்லாம் ஒரு துப்பறிவாளரின் திறமைகள். இத்திறமை உச்சத்தில் இருந்தும் போதாமல் போன நிகழ்வுக்குப் பீகாரின் முசாபர்பூர் சான்று.

அங்கே ஒவ்வொரு கோடையிலும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு கண்டு, நினைவிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். 2014-இல் மே இறுதி முதல் ஜூலை நடுவரை இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தார்கள். தில்லி மையமும் அமெரிக்க மையமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, லிச்சிப் பழத்தில் உள்ள வேதிப்பொருள்களும் இரவுச் சாப்பாடு இல்லாத வெறும் வயிறும் சேர்ந்து இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைப்பதைச் சுட்டிக்காட்டியது. லிச்சிக்கு எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவ அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சர்க்கரை இறங்குவதே உயிரைப் பறிக்கிறது என்பதும், உடனே குளுக்கோஸ் ஏற்றினால் பல குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்பதும், பிள்ளைகளை இரவில் பட்டினியாகப் படுக்கவிடக் கூடாது என்பதும் செயலுக்குப் போதுமான அறிவு. அந்த அறிவு கையில் இருந்தும் 2019 ஜூனில் அதே பகுதியில் மீண்டும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரை அளக்கும் கருவி இருக்கிறதா, குளுக்கோஸ் இருக்கிறதா, ஏப்ரல் மாதமே ஊர்களில் சொல்லிவைத்தாயிற்றா என்று ஆண்டுதோறும் பார்ப்பது ஆராய்ச்சியாளரின் வேலை அன்று. அது கட்டளையிடும் பொறுப்பில் உள்ளவரின் வேலை.

தீயணைப்புத் துறையிடம் கற்ற பாடம்

கட்டளையிடும் கலைக்கு மருத்துவம் வெளியே போய்த்தான் பாடம் கேட்க வேண்டியிருந்தது. 1970-இல் தென் கலிபோர்னியாவில் 13 நாள் எரிந்த காட்டுத்தீயில் 16 பேர் இறந்தார்கள். சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன. தீயணைக்க வந்த படைகளுக்கு ஆளோ வண்டியோ குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு படைக்கும் தனித்தனி வானொலி அலைவரிசை, தனித்தனிக் கலைச்சொல், தனித்தனித் தலைவர். இந்தக் குழப்பத்தை ஆராய்ந்ததில் பிறந்ததே நிகழ்வுக் கட்டளை அமைப்பு. அதன் விதிகள் கேட்பதற்கு மிக எளியவை. எத்தனை துறை வந்தாலும் தலைவர் ஒருவரே. ஒவ்வொருவருக்கும் மேலே ஒரே ஓர் அலுவலர். ஒருவரின் நேரடி மேற்பார்வையில் மூன்று முதல் ஏழு பேர்வரைதான், ஐந்து என்றால் சிறப்பு. களச்செயல், திட்டமிடல், பொருள் வழங்கல், நிதி ஆகிய நான்கும் தலைவரின்கீழ்த் தனிப் பிரிவுகள். யார் எந்தப் பதவியில் இருந்தாலும், நெருக்கடி நேரத்தில் அவருடைய இடம் பணிமூப்பால் அன்றி அந்த வேலைக்கான தகுதியால் அமைய வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் சுகாதாரத் துறைக்குக் கசப்பானது. மருத்துவமனையிலும் இயக்குநரகத்திலும் மூத்தவர் பேசினால் இளையவர் கேட்பார் என்பதே வழக்கம். மூத்தவருக்குத் தொற்று கட்டுப்படுத்துவதில் அனுபவம் இல்லாமல், அவருக்குக் கீழே மூன்று படி தாழ இருப்பவருக்கு அது இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை நம் அலுவலகங்கள் வெளிப்படையாகக் கேட்பதே இல்லை.

லைபீரியாவின் அனுபவம் இதற்குப் பொருத்தமானது. எபோலா பரவத் தொடங்கியபோது அங்கே சுகாதார அமைச்சரின் தலைமையில் ஒரு பணிக்குழு கூடியது. நூறு வேலைகளைச் சுமக்கும் அமைச்சர். அறை நிறைய ஆட்கள். பேச்சு நீண்டதே தவிர முடிவு வரவில்லை. 2014 ஆகஸ்டில் அமைச்சருக்குக் கீழே உதவி அமைச்சராக இருந்த டோல்பர்ட் நியென்ஸ்வா, வேறு வேலை எதுவும் இல்லாத முழுநேரத் தலைவராக அமர்த்தப்பட்டார். சிறிய மையக் குழு ஒன்றும் பிரிவுவாரியான பொறுப்பாளர்களும் வந்தார்கள். போர் ஓய்ந்து பத்தாண்டே ஆன, மருத்துவர்கள் மிக அரிதாக உள்ள ஒரு நாட்டில் அதற்குப் பிறகும் பல ஆயிரம் உயிர்கள் போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைமை அமைப்பு மாறியதால் மட்டும் நோய் அடங்கிவிடவில்லை. ஆனால் சிகிச்சை மையங்களும், இறந்தவர்களைப் பாதுகாப்பாக அடக்கம் செய்யும் பணியும், வெளிநாட்டு உதவியும் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்க ஓர் இடம் அமைந்தது.

இந்த அனுபவங்களுக்கு முன்பே, 2013-இல், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிற நாடுகளின் நடுப்பணி அலுவலர்களுக்கென, அதாவது பணிக்காலத்தின் நடுவில் இருப்பவர்களுக்கென, ஏறத்தாழ நான்கு மாதப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியிருந்தது. வருபவர்களுக்கு நோயியல் பாடம் முதன்மை அன்று. அவசரகாலச் செயல்பாட்டு மையம் ஒன்றை எப்படி அமைப்பது, கண்காணிப்பு நிலையிலிருந்து முழுச் செயல்நிலைக்கு எப்போது மாறுவது, அடுத்த 24 மணி நேரத்துக்கான செயல்திட்டத்தை எப்படி எழுதுவது, எப்போது மையத்தை மூடி வழக்கமான பணிக்குத் திரும்புவது ஆகியவையே பாடங்கள். பெரிய திரைகளும் கணினிகளும் நிறைந்த அறையைக் கட்டிவிட்டு அதைச் செயல்பாட்டு மையம் என்று அழைக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. அறை வாங்குவது எளிது. திட்டம், தகவல் ஓட்டம், பயின்ற ஆட்கள் ஆகிய மற்ற மூன்றும் சேராவிட்டால் அது வெறும் கூட்ட அரங்கம்.

ஏன் நடுப்பணியில் இருப்பவர்கள்?

பதினைந்து ஆண்டு பணியாற்றிய ஒருவரிடம், இளையவரிடம் இல்லாத மூன்று செல்வங்கள் உண்டு. எந்தக் கோப்பு எந்த மேசையில் தங்கும் என்று அவருக்குத் தெரியும். மாவட்டத்தில் கால்நடைத் துறை, உள்ளாட்சி, காவல் ஆகியவற்றில் யாரைக் கேட்டால் வேலை நடக்கும் என்று தெரியும். கிராமச் சுகாதாரச் செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் அவர் குரலை நம்புவார்கள். நிபா வைரஸ் 2018 மே மாதம் கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் பரவியபோது, நோயாளிகளுடன் தொடர்பிலிருந்த 2,600-க்கும் மேற்பட்டோரைக் கேரளம் பட்டியலிட்டுப் பின்தொடர முடிந்ததற்குப் புதிய தொழில்நுட்பத்தைவிட இத்தகைய பழைய உறவுகளே கைகொடுத்தன என்று நான் கருதுகிறேன். மறு ஆண்டு எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தபோது அது அவரோடு நின்றது, அவரும் பிழைத்தார்.

ஆனால் அதே பதினைந்து ஆண்டு, மறக்க வேண்டிய பழக்கங்களையும் சேர்த்துவிடுகிறது. மருத்துவர் தம் முன்னால் இருக்கும் ஒரு நோயாளிக்காக முடிவெடுக்கப் பழகியவர். ஆய்வுக்கூட முடிவு வரட்டும் என்று காத்திருப்பது அங்கே நல்ல மருத்துவம். தொற்றுப் பரவலில் முடிவு வரும்வரை காத்திருப்பவர் பத்து நாள் பின்தங்கிவிடுவார். பாதி அறிந்த நிலையில் முடிவெடுத்து, அது தவறென்று தெரிந்தால் மறுநாளே வெளிப்படையாகத் திருத்திக்கொள்ளும் துணிவு பாடப்புத்தகத்தால் வருவதில்லை. அரசு அலுவலகப் பழக்கமோ அதற்கு நேர் எதிரானது. எழுத்தில் உத்தரவு வராமல் எதையும் செய்யாதே, செய்த பிறகு தவறென்று ஒப்புக்கொள்ளாதே என்ற இரண்டு பாடங்களையும் எல்லா அலுவலர்களும் முதல் சில ஆண்டுகளிலேயே கற்றுவிடுகிறார்கள்.

இதனால்தான் இத்தகைய பயிற்சிகளில் ஒத்திகைக்குப் பெரிய இடம் தரப்படுகிறது. எளிய வகை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்வது. ஒரு கற்பனைப் பரவலின் முதல் தகவல் கொடுக்கப்படும், குழு முடிவெடுக்கும், அரைமணி கழித்து, அந்த முடிவைக் குலைக்கும் இரண்டாவது தகவல் வரும். மருந்துக்கிடங்கு வெள்ளத்தில் மூழ்கிவிட்டது என்றோ, அமைச்சர் தொலைக்காட்சியில் வேறு எண்ணிக்கையைச் சொல்லிவிட்டார் என்றோ, ஊரில் ஒரு வதந்தி பரவுகிறது என்றோ இருக்கும். கடைசியாகச் சொன்னது கற்பனைக்காகச் சேர்த்த ஒன்றன்று. 2014 ஆகஸ்டில் உப்புநீரைக் குடித்தால் எபோலா அண்டாது என்ற செய்தி நைஜீரியாவில் கைப்பேசி வழியாகப் பரவி, நிறையப் பேர் அதை நம்பிக் குடித்தார்கள். இதற்கு மேற்பட்ட நிலையில் உண்மையான வண்டிகளையும் ஆட்களையும் இறக்கி நடத்தும் முழு ஒத்திகை இருக்கிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று குற்றம் சாட்டாமல் பேசும் மீள்பார்வை உண்டு. ஒத்திகையைவிட அந்த மீள்பார்வைதான் கடினம். மூத்தவர் முன்னிலையில் இளையவர் வாய்திறந்தால்தான் அதற்குப் பயன்.

கட்டளை யார் கையில்?

இனி இந்தியாவுக்கே உரிய ஒரு சிக்கல். மேலைநாட்டுப் பாடத்திட்டங்கள், பயிற்சி பெற்ற சுகாதார அலுவலரே தலைமை வகிப்பார் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. இந்தியாவில் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். கோவிட் காலத்தில் இந்தச் சட்டமும், பம்பாய் பிளேக்கை ஒட்டி எழுந்த 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டமும்தான் நாடெங்கும் பயன்பட்டன. சாலையை மூடுவதும், சந்தையை இடம் மாற்றுவதும், திருமண மண்டபத்தைத் தனிமைப்படுத்தும் இடமாக எடுத்துக்கொள்வதும் ஆட்சியரின் கையெழுத்தால் நடப்பவை.

சென்னைக் கோயம்பேடு சந்தை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2020 ஏப்ரல் இறுதியில் அங்கே தொற்று பரவுவது தெரிந்தது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. சில நாளில் திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று பரவியது. அந்தச் சந்தையை எப்போது மூடுவது என்பது மருத்துவ முடிவு மட்டுமன்று. ஒரு பெருநகரத்தின் காய்கறி வரத்து, வணிகர் சங்கங்களின் எதிர்ப்பு, நாள்கூலித் தொழிலாளர்களின் பிழைப்பு எல்லாம் அதில் இருந்தன. அத்தகைய மேசையில் சுகாதார அலுவலர் செய்யக்கூடியது, இன்று மூடினால் என்ன ஆகும், ஒரு வாரம் கழித்து மூடினால் என்ன ஆகும், மூடினால் தொழிலாளர்கள் ஊர் போகும் வழியில் எங்கே சோதிப்பது என்பதை இரண்டு நிமிடத்தில், எண்களோடு, தயக்கமின்றி எடுத்துச் சொல்வது. ஆகவே இந்தியச் சூழலில் தலைமைப் பயிற்சியின் பாதி, தமக்கு மேலே இருந்து முடிவெடுப்பவரை உரிய நேரத்தில் உரிய முடிவுக்குக் கொண்டுவரும் பயிற்சி. இதை எந்தப் பாடத்திட்டமும் வேண்டிய அளவு சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. ஆட்சியர்களையும் சுகாதார அலுவலர்களையும் ஒரே ஒத்திகையில் உட்கார வைப்பது இதைவிட எளிய, செலவு குறைந்த வழி; அதுவும் அரிதாகவே நடக்கிறது.

இலங்கையில் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார மருத்துவ அதிகாரி முறை அந்நாட்டின் பெருமைக்குரிய அமைப்பு. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மருத்துவ அதிகாரியின்கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல மருத்துவிச்சிகளும் வீடு வீடாக அறிமுகமானவர்கள். ஆனால் 2020 மார்ச்சில் கோவிட் தடுப்புக்கென அமைக்கப்பட்ட தேசியச் செயல்பாட்டு மையத்தின் தலைமை இராணுவத் தளபதியிடம் கொடுக்கப்பட்டது. ஆள்பலமும் வண்டிகளும் கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஒழுங்கும் இராணுவத்திடம் உண்டு என்பதை மறுக்க முடியாது. நூறாண்டை நெருங்கிய ஒரு சுகாதார அமைப்பு இருந்தும், அதன் உள்ளிருந்தே ஒருவரைத் தலைமைக்கு அரசு ஏன் தேடவில்லை என்ற கேள்வி, உள்நாட்டுப் போரின் நினைவோடு வாழும் வடக்கு கிழக்கு மக்களுக்கு இன்னும் கூர்மையானது.

நாற்காலி

பயிற்சி முடித்தவர் எங்கே போகிறார் என்பதில்தான் எல்லாம் முடிகிறது. பல இந்திய மாநிலங்களில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிப் பணிப்பிரிவு இருந்ததில்லை. கண் மருத்துவரோ மயக்கவியல் மருத்துவரோ பணிமூப்பால் மாவட்டத்தின் தலைமைச் சுகாதாரப் பொறுப்புக்கு வருவார். அதற்கு வந்த ஓரிரு ஆண்டில் ஓய்வு பெறுவார். தொற்றுநோயியல் கற்ற இளைய அலுவலர், ஆள் பற்றாக்குறை என்ற பெயரில் அறுவைக்கூடத்துக்கோ பிரேதப் பரிசோதனைக்கோ அனுப்பப்படுவார்.

தமிழ்நாட்டின் அமைப்பு இதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. மருத்துவக் கல்வி, மருத்துவ மற்றும் ஊரகநலப் பணிகள், பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு என்று மூன்று இயக்குநரகங்கள் தனித்தனியே இயங்குகின்றன. மூன்றாவதற்குத் தனி நிதி, தனிப் பணியாளர், தனிப் பதவி ஏணி. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்குச் சட்டப் பின்புலம் தந்தது. அந்தப் பிரிவில் மேலேற விரும்பும் மருத்துவ அலுவலர் பொதுச் சுகாதாரத்தில் பட்டயமோ பட்டமோ பெற வேண்டும். வட்டாரத்திலிருந்து சுகாதார மாவட்டத்தின் தலைமைப் பொறுப்புக்கும், அதற்கு மேலும் அவர் படிப்படியாக வருகிறார். அதாவது நடுப்பணிப் பயிற்சி இங்கே ஓர் ஊக்கப் பரிசாக இல்லாமல் பதவிக்கான நிபந்தனையாக இருக்கிறது.

இதன் பலன் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தெரிந்தது. ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் நெருங்கித் தங்கினார்கள். உப்புநீர் புகுந்த கிணறுகளும் சிதறிய கழிப்பிடங்களும் வயிற்றுப்போக்குக்கும் காலராவுக்கும் வாசல் திறந்துவைத்திருந்தன. மற்ற மாவட்டங்களின் பொதுச் சுகாதாரக் குழுக்கள் உடனே அங்கு அனுப்பப்பட்டன. குடிநீரில் குளோரின் கலப்பது, முகாம் வாரியாக நோய்க் கணக்கை அன்றாடம் எடுப்பது, குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடுவது எல்லாம் பழகிய கைகளால் நடந்தன. பெரிய தொற்றுப் பரவல் எதுவும் வரவில்லை. வராத நோய்க்குச் செய்தித்தாளில் இடம் கிடைப்பதில்லை. ஆகையால் அந்தக் குழுக்களை வழிநடத்திய துணை இயக்குநர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

இந்த அமைப்பிலும் குறைகள் உண்டு. பட்டயம் பெற்றவர்களுக்கு நிபா, புதுவகைக் காய்ச்சல், ஆய்வுக்கூட வலையமைப்பு போன்றவற்றில் அறிவைப் புதுப்பிக்கும் ஏற்பாடு சீராக இல்லை. தகுதி தேவை என்ற நிபந்தனை, ஒத்திகை தேவை என்ற நிபந்தனையாக வளரவில்லை. ஆனால் கற்றவர் கற்ற வேலையிலேயே தங்குகிறார் என்ற ஒன்றில் மற்ற மாநிலங்களைவிட இது முன்னால் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களிலும் பொதுச் சுகாதார மேலாண்மைப் பணிப்பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடுவண் அரசு 2022 ஏப்ரலில் அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், நடைமுறைப்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். சிகிச்சைப் பிரிவில் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் மூத்த மருத்துவர்களின் எதிர்ப்பைத் தாண்டாமல் எந்த மாநிலமும் இதைச் செய்ய முடியாது என்பதால் வேகம் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

பயிற்சி பயன் தந்ததா என்று எப்படி அளப்பது? எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று எண்ணுவது வழக்கம். அதனால் எதுவும் தெரியாது. 2021-இல் முன்வைக்கப்பட்ட ஓர் அளவுகோல் இதைவிடக் கூர்மையானது. நோய் தோன்றி ஏழு நாளுக்குள் கண்டறிய வேண்டும், கண்ட ஒரு நாளுக்குள் உரிய அதிகாரத்துக்கு அறிவிக்க வேண்டும், அடுத்த ஏழு நாளுக்குள் தொடக்கத் தடுப்பு வேலைகள் அனைத்தும் நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பரவலுக்குப் பின்னும் இந்த மூன்று எண்களையும் எழுதிப் பார்த்தால், தாமதம் எங்கே நேர்ந்தது என்பது தெரியும். முதல் எண் நீண்டால் கண்காணிப்பில் குறை. அங்கே துப்பறியும் பயிற்சி உதவும். நடு எண் நீண்டால் பெரும்பாலும் அச்சமே காரணம். கெட்ட செய்தியை மேலதிகாரியிடம் சொன்னவர் இதற்கு முன்பு எப்படி நடத்தப்பட்டார் என்று விசாரிக்க வேண்டும். மூன்றாவது எண் நீண்டால் வண்டிக்கும் ஆளுக்கும் பணத்துக்கும் கையெழுத்திடும் உரிமை யாரிடம் இருந்தது என்று பார்க்க வேண்டும். கடைசி இரண்டையும் எந்தப் பயிற்சி நிலையமும் தனியாகச் சரிசெய்ய இயலாது. அவசரநிலை அறிவிக்கப்பட்ட உடன் மாவட்டச் சுகாதார அலுவலர் முன் அனுமதியின்றிச் செலவிடக்கூடிய தொகை எவ்வளவு என்பதை அரசாணையில் எழுதுவது நிதித்துறையின் வேலை. அவரை இரண்டாண்டுக்கு அந்த மாவட்டத்திலிருந்து மாற்றாமல் வைத்திருப்பது சுகாதாரச் செயலரின் வேலை.